துடுப்பாட்ட மேதை சதாசிவம்

நூல் பல கற்ற புலவரையும் நாடு போற்றும் தலைவரையும் பற்றி எழுதுவதே கல்லூரி மலர்களின் மரபு. தமிழ் கற்பிக்கும் நாம், துடுப்பாட்டக்காரர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தமை பழைய மாணவர் சிலருக்கு வியப்பளிக்கலாம். வகுப்பறையில் எழுந்த ஒரு வினாவே இதற்குக் காரணம்.

கோவலன் கொலையுண்ட கதையைக் கற்பித்த ஒரு நாள், ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியனின் பிழையை விளக்கிக்கொண்டிருந்தோம். அவ்வாறு பழி சுமந்தோர் எம் நாட்டிலும் உளரோ என ஒரு மாணவன் வினவினான். விளையாட்டில் ஈடுபாடு மிக்க மற்றொருவன் உடனே சதாசிவத்தின் பெயரைச் சொன்னான். பின்வரிசையில் இருந்தவனோ, அவர் மனைவியைக் கொன்றுவிட்டுத் தப்பியவர் என்று தன் பாட்டனார் கூறக் கேட்டதாகச் சொன்னான். வகுப்பு இரண்டு கட்சியாயிற்று. தெளிவான விடை எதுவும் கூற இயலாதவராய், மணி அடித்ததும் வெளியேறினோம். அன்று கூறாத விடையை இம்மலரில் கூறுகின்றோம்.

மகாதேவன் சதாசிவம் 1915 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 18 ஆம் நாள் பிறந்தார். கொழும்பு பொறளையிலுள்ள வெஸ்லி கல்லூரியில் பயின்றபோதே அவரது ஆட்டம் காண்போரைக் கவர்ந்தது. கல்லூரியை விட்டபின் தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தார். 1899 இல் தோன்றிய அக்கழகம், கொழும்புத் தமிழரின் விளையாட்டுக்கு உறைவிடமாய் விளங்கியது. கொழும்பு ஓவல் எனப் பெயர் பெற்றிருந்த அதன் மைதானமே சதாசிவத்தின் புகழுக்கு அரங்காயிற்று.

அவரது ஆட்டத்தின் இயல்பை எம் மாணவர் எளிதில் உணர்வர். ஹல்துமுல்லை மலைச்சரிவிலே சமதரை காண்பது அரிது. பந்தை ஓங்கி அடித்தால் அது தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு மறையும். அதனைத் தேடுவதிலேயே மாலைப்பொழுது கழியும். ஆகவே தோளின் வலிமையைக் குறைத்து, மணிக்கட்டைத் திருப்பிப் பந்தைத் தாம் விரும்பிய திசைக்கு அனுப்ப எம் சிறுவர் தாமாகவே பழகிக்கொள்கின்றனர். சதாசிவம் அக்கலையின் எல்லையைக் கண்டவர். லேட் கட் என்னும் அடியில் அவருக்கு நிகரில்லை என்பர். பந்து தம்மைக் கடந்து விக்கெட் காப்பாளரின் கைகளை நோக்கிச் செல்லும் கடைசிக் கணம் வரை காத்திருந்து, துடுப்பை அதன்மேல் மெல்லத் தாழ்த்துவார். பந்தின் வேகம் குறையாது. திசை மட்டுமே மாறும். ஒரு நொடி முந்தினும் பிந்தினும் ஆட்டமிழக்க நேரும் அடி அது. பந்து வீச்சாளர் களத்தடுப்பாளர்களை இடம் மாற்றுந்தோறும், அவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்துக்கே அடுத்த பந்தை அனுப்பும் வழக்கமும் அவருக்கு உண்டு எனப் பார்த்தோர் சொல்லி மகிழ்ந்தனர்.

1947 ஆம் ஆண்டு தென்னிந்திய அணிக்கு எதிராகச் சென்னைச் சேப்பாக்கத்தில் அவர் பெற்ற 215 ஓட்டங்கள், அவர் வாழ்வின் மணிமுடி எனத்தகும். அறிமுகமற்ற ஊரிலே, நுண்ணிய ஆட்டத்தை அறிந்து சுவைக்கும் சென்னை மக்கள் முன்னிலையில் எடுத்த இரட்டைச் சதம் அது. 1950 இல் கொழும்புக்கு வந்த பொதுநலவாய அணிக்கு எதிராக 96 ஓட்டங்கள் பெற்றார். சதத்துக்கு நான்கு குறைந்த அந்த ஆட்டத்தைக் கண்ட மேற்கிந்தியப் பெருவீரர் பிராங் வொறல், தாம் பார்த்த துடுப்பாட்டக்காரருள் சதாசிவத்தையே தலைசிறந்தவராகக் கருதினார் என்பர்.

1948 பெப்ரவரி 4 ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. இரு மாதம் நிறையுமுன், மார்ச் மாத இறுதியில், டொன் பிறட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில் கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆட்டம் ஆடியது. விடுதலை பெற்ற நாட்டின் அணிக்குத் தலைமை தாங்கி நாணயம் சுண்டச் சென்றவர் சதாசிவமே. ஆடுகளத்தின் நீளம் 22 கஜத்துக்குப் பதிலாக 20 கஜமாக அமைந்திருந்தமை பின்னரே தெரியவந்தது. ஆட்டம் மழையால் முடிவின்றி நின்றது. தமிழர் ஒருவர் நாட்டின் அணித்தலைவராய் நின்ற அதே ஆண்டின் இறுதியில், குடியுரிமைச் சட்டத்தால் எம் தோட்டத்து மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர் என்பதையும் மலையகத்து வாசகர் மறத்தல் இயலாது.

இத்துணைத் திறன் படைத்தவரின் பெயர் உலகப் பேரேடுகளில் ஏன் சிறுத்துக் காணப்படுகின்றது? விடை எளிது. அவர் காலத்து இலங்கைக்கு டெஸ்ட் தகுதி இல்லை. அவர் ஆடிய முதல்தர ஆட்டங்களும் மிகச் சிலவே. அன்றியும், அக்காலத்து இலங்கையிலே கிரிக்கெட் ஒரு பிழைப்பு அன்று; வேறு தொழில் செய்துகொண்டே வார இறுதியில் ஆடினர். இங்கிலாந்திலோ ஊதியம் பெற்று ஆடுவோர் தனிவகுப்பினராய் இருந்தனர். மேற்கிந்தியரான லியரி கொன்ஸ்டன்ரைன் 1929 முதல் நெல்சன் ஊர்க் கழகத்தில் ஊதியத்துக்கு ஆடிப் பெயரும் பொருளும் ஈட்டினார். இலங்கையிற் பிறந்த லாடி அவுட்ஸ்கூர்ன் 1946 முதல் 1959 வரை வூஸ்டர்சயர் அணியில் தொழில்முறை ஆட்டக்காரராய் இருந்தார். சதாசிவம் அவ்வழியிற் செல்லவில்லை. நாள்தோறும் ஒழுங்கான பயிற்சியும் அடக்கமான வாழ்வும் வேண்டும் அத்தொழிலுக்கு அவரது இயல்பு பொருந்தியிருக்குமோ என்பதும் ஐயமே. இரவு விருந்துகளிலும் கேளிக்கைகளிலும் அவருக்கு விருப்பம் மிகுதி. விடியும் வரை விழித்திருந்து, காலையிலே களமிறங்கிச் சதம் அடித்தார் என்னும் கதைகளைச் சிலர் பெருமையாகவே பேசுவர். நாம் அவற்றைப் பெருமையாகக் கொள்ளோம். அக்கதைகளைக் கேட்கும் மாணவர், இரவுறக்கம் ஒழித்ததனால் அவர் சதம் அடித்தார் என்று மயங்குதல் கூடாது. அது ஒழித்தும் அடிக்கவல்ல அரிய பேறு ஒருவருக்கு வாய்த்திருந்தது, அவ்வளவே.

இனி, பின்வரிசை மாணவனின் கூற்றுக்கு வருவோம்.

1951 ஒக்டோபர் 9 ஆம் நாள், பம்பலப்பிட்டியிலுள்ள இல்லத்தின் மோட்டார் வண்டிக் கொட்டகையிலே சதாசிவத்தின் மனைவியார் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். அவ்வம்மையார் நான்கு பெண்மக்களின் தாய். கணவன் மனைவியரிடையே மனக்கசப்பு முற்றி, மணவிலக்குக் கோரி வழக்கும் தொடரப்பட்டிருந்தது. ஐயம் சதாசிவத்தின்மேல் விழுந்தது. சிறை வைக்கப்பட்டார். வீட்டு வேலைக்காரப் பையன் பிடிபட்டு, பின்னர் மன்னிப்பளிக்கப்பெற்று, அரசுதரப்புச் சாட்சியாக நிறுத்தப்பட்டான். ஓவல் மைதானத்திலே ஆயிரக்கணக்கானோர் கைதட்டி வரவேற்ற மனிதரை, இப்போது நாடே குற்றவாளிக் கூண்டில் நிற்கக் கண்டது.

உயர்நீதிமன்ற நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில், யூரிமாரோடு 57 நாள் அவ்வழக்கு விசாரிக்கப்பட்டது. எதிரிக்காக வழக்காடியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. வழக்கின் உயிர்நிலை, மரணம் நேர்ந்த வேளை எது என்பதே. சதாசிவம் அன்று காலை பத்தரை மணியளவில் வாடகை வண்டியில் வீட்டைவிட்டுச் சென்றார். அவர் செல்லுமுன் மரணம் நேர்ந்ததெனின் பழி அவருக்கு. சென்றபின் நேர்ந்ததெனின் அவர் குற்றமற்றவர். எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் சட்ட மருத்துவப் பேராசிரியரான சேர் சிட்னி சிமித் கடல் கடந்து வந்து எதிரிதரப்பில் சாட்சியமளித்தார். உடலின் வெப்பம், இரைப்பையில் உணவு செரித்திருந்த நிலை முதலிய சிறு குறிப்புகளிலிருந்து காலத்தைக் கணிக்கும் நுட்பம் அம்மன்றத்தில் நாட்கணக்கில் ஆராயப்பட்டது. 1953 ஜூன் 25 ஆம் நாள், யூரிமார் ஒருமனதாகச் சதாசிவம் குற்றவாளி அல்லர் என்று தீர்த்தனர். ஏறத்தாழ இருபது திங்கள் சிறையிருந்த பின் அவர் வெளிவந்தார்.

மன்றம் விடுவித்தும் ஊர் வாய் விடுவிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவரது இல்லற வாழ்வு பலருக்கு முன்மாதிரியாய் இல்லை. ஒழுக்கக்குறையைக் கண்டோர் அதனையே கொலைக்குச் சான்றாக எண்ணிக்கொண்டனர். ஒருவர் நல்ல கணவர் அல்லர் என்பது வேறு, அவர் கொலைஞர் என்பது வேறு. கோவலன் மாசற்ற கணவன் அல்லன். அதனால் அவன் சிலம்பு திருடியவனாகிவிடவில்லை. பாண்டியன் ஒரு கணமும் ஆராயாது தீர்த்தான். இங்கோ 57 நாள் ஆராய்ந்து தீர்த்த தீர்ப்பை, ஒரு நாளும் ஆராயாத நாம் திண்ணையிலிருந்து மாற்றி எழுதுகின்றோம். அவ்வேலைக்காரப் பையனையும் கொலைக் குற்றவாளி என்று எந்த மன்றமும் தீர்க்கவில்லை. ஆதலால் அவன்மேலும் நாம் பழி கூறோம். நான்கு குழந்தைகளின் தாய் ஒருவரின் சாவுக்கு எவரும் விடை கூறவில்லை என்பதே அவ்வழக்கில் எஞ்சிய துயரம். மைதானக் கதைகளைச் சொல்லுங்கால் அவ்வம்மையாரை மறந்துவிடுவதும் நீதியன்று.

பின்னர் சதாசிவம் கடல் கடந்தார். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஆடி, அவ்விரு நாட்டு அணிகளுக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைவராயிருந்த பெருமை இவ்வாறு அவருக்கு வாய்த்தது. மறுமணமும் செய்துகொண்டார். கொழும்புக்கு மீண்டு, 1977 ஜூலை 9 ஆம் நாள், தமது 61 ஆவது வயதில் காலமானார்.

1982 பெப்ரவரி 17 ஆம் நாள் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. ஆடிய இடம் தமிழ் யூனியன் கழகத்தின் அதே மைதானம். இப்போது அது பா. சரவணமுத்துவின் பெயர் தாங்கி நிற்கின்றது. சதாசிவம் மறைந்து ஐந்தாண்டு நிறைவுறாத காலம். அவர் காலமெல்லாம் காத்திருந்தும் திறவாத கதவு, அவர் நடந்து பழகிய புல்வெளியிலேயே திறந்தது. எம் மலையகத்துக்கும் காலம் மாறியது. குடியுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தீர்வு கண்டது. தேயிலைத் தோட்டத் தொழிலுக்கு வந்த குடும்பத்தின் வழித்தோன்றலான முத்தையா முரளிதரன், 2010 இல் காலி மைதானத்தில் 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். இன்று இவ்வாட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழ இலங்கை இளைஞர்க்கு வழியுண்டு. சதாசிவத்துக்கு அவ்வழி இருந்திருப்பின் அவர் வாழ்வு எவ்வாறு அமைந்திருக்கும் என்று எண்ணாதிருத்தல் அரிது.

மாணவர்களே, நடுவர் ஐயுறும்போது அதன் பயனைத் துடுப்பாட்டக்காரருக்கே கொடுக்கவேண்டும் என்பது நீங்கள் அறிந்த ஆட்டமரபு. நீதிமன்றத்திலும் ஐயத்தின் பயன் எதிரிக்கே உரியது. நடுவரின் தீர்ப்பை ஏற்று, முணுமுணுக்காது களம் நீங்கக் கற்பிக்கவே கல்லூரிகள் விளையாட்டை வளர்க்கின்றன. அத்தீர்ப்பு பிறர் ஒருவருக்குச் சாதகமாக வரும்போதும் அவ்வாறே ஏற்றல் வேண்டும். இரண்டாவது, முதலாவதைவிடக் கடினம். சதாசிவத்தின் மணிக்கட்டைப் போற்றுங்கள். அவரது இரவுகளைப் பின்பற்றாதீர்கள். மன்றம் நீக்கிய பழியை மீண்டும் அவர்மேல் ஏற்றாதீர்கள். பின்வரிசையில் வினா எழுப்பிய அம்மாணவனுக்கு எம் நன்றி உரியது. அவன் இம்மலரை வீட்டுக்கு எடுத்துச்சென்று தன் பாட்டனாருக்கு வாசித்துக் காட்டுவானாக.