கணவனும் மனைவியும் சைக்கிளில் 14,000 மைல்!

கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கிருந்து குளச்சலுக்குப் போகும் சாலையில் ஒரு பெண் சைக்கிளில் போனால், இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

1897-ம் ஆண்டில் நிலைமை வேறு. பெண் சைக்கிள் ஓட்டுவதை நம் நாட்டில் பலர் கண்டதே இல்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண்மணி, தம் கணவரோடு இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை வரை சைக்கிளிலேயே போனார். கணவர் ஓட்ட, மனைவி பின்னால் உட்கார்ந்து போகவில்லை. இருவருக்கும் தனித்தனிச் சைக்கிள்!

அந்தப் பெண்மணியின் பெயர் ஃபேனி புல்லக் ஒர்க்மன். கணவர், டாக்டர் வில்லியம் ஹண்டர் ஒர்க்மன்.

கவர்னர் மகள்

ஃபேனி அம்மையார் 1859 ஜனவரி 8-ந் தேதி அமெரிக்காவில் வூஸ்டர் என்ற நகரில் பிறந்தார். தகப்பனார் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கவர்னராக இருந்தவர். வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. ஃபேனி பாரிசிலும் ஜெர்மனியிலும் படித்தார். பிறகு, தம்மைவிட 12 வயது மூத்தவரான டாக்டர் ஒர்க்மனை மணந்தார். ஒரு பெண் குழந்தை பிறந்தது.

1889-ல் டாக்டருக்கு உடல்நலம் கெட்டது. வைத்தியத் தொழிலை விட்டுவிட்டார். குடும்பம் ஜெர்மனியில் உள்ள டிரெஸ்டன் நகருக்குக் குடிபோயிற்று. அங்கே ஒரு மகன் பிறந்தான். 1893-ல் காய்ச்சல் கண்டு அந்தக் குழந்தை இறந்துவிட்டது.

பெற்றவர்களுக்கு அது தாங்க முடியாத அடி. அதன் பிறகுதான் இருவரும் நெடும் பயணங்களில் இறங்கினார்கள். அப்போது காற்றடைத்த ரப்பர் டயர் போட்ட சைக்கிள் புதிதாக வந்திருந்தது. 1895-ல் அல்ஜீரியா நாட்டைச் சுற்றினார்கள். பிறகு ஸ்பெயின் நாட்டில் 2,800 மைல் போனார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 45 மைல். சில நாட்களில் 80 மைல் கூட மிதித்தார்கள்.

ரயில் பாதை ஓரமாக

1897-ல் கீழ்த்திசைப் பயணம் தொடங்கியது. அம்மையாருக்கு வயது 38. டாக்டருக்கு 50. முதலில் இலங்கை, அப்புறம் இந்தியா.

கொண்டுபோன சாமான்கள் மிகக் குறைவு. தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், டப்பாவில் அடைத்த இறைச்சி, தண்ணீர், ஆளுக்கு ஒரு கம்பளி, தலையணை, மருந்து, பஞ்சர் ஒட்டும் கருவிகள், எழுதுவதற்குக் காகிதம். அவ்வளவுதான்.

சோற்றுக்கும் தண்ணீருக்கும் என்ன செய்வது? அதற்கு ரயில்தான் வழிகாட்டியது. வடநாட்டில் அவர்கள் கூடியவரை ரயில் பாதையை ஒட்டிய வழிகளிலேயே போனார்கள். ஸ்டேஷன் வந்தால் தண்ணீர் கிடைக்கும். தின்பதற்கு ஏதாவது கிடைக்கும். தங்க இடம் இல்லாத இரவுகளில் ரயில்வே ஸ்டேஷனில் பயணிகள் அறையிலேயே படுத்துக்கொண்டார்கள்.

ரயில் இல்லாத ஊர்களும் அந்நாளில் ஏராளம். தூத்துக்குடிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. நாஞ்சில் நாட்டுக்கு வந்தது 1979-ல்தான். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் உள்ள இரணியலில் ரயில் வண்டியின் சத்தம் கேட்க அத்தனை ஆண்டுகள் ஆயின!

ஒரே நாளில் 40 பஞ்சர்

ரயில் பாதை துணை இருந்தும் கஷ்டம் தீரவில்லை. சில நாட்கள் பட்டினி. சில நாட்கள் குடிக்கத் தண்ணீர் இல்லை. இரவில் கொசுக்கடி. படுத்த அறையில் எலிகள் ஓடின. ஒரே நாளில் 40 முறை பஞ்சர் ஆனதும் உண்டு. ஒவ்வொரு முறையும் இறங்கி, டியூபைக் கழற்றி, ஓட்டை கண்டுபிடித்து, ஒட்டி, காற்றடித்து மறுபடி ஏற வேண்டும். அம்மையார் அணிந்திருந்ததோ கணுக்கால் வரை நீண்ட பாவாடை!

இருந்தும் அவர்கள் திரும்பிவிடவில்லை. கோயில்களைக் கண்டால் நின்று பார்த்தார்கள், படம் பிடித்தார்கள். இந்தியா, இலங்கை, பர்மா, ஜாவா எல்லாம் சேர்த்து அவர்கள் சென்ற தூரம் 14,000 மைல். அந்தக் கதையை இருவரும் சேர்ந்து எழுதி 1904-ல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

சைக்கிளை விட்டு மலைக்கு

1898 கோடையில் வெயில் தாங்காமல் காஷ்மீருக்கும் லடாக்குக்கும் போனார்கள். இமயமலையைக் கண்டதும் மனம் அங்கேயே ஒட்டிக்கொண்டது. 1912 வரை எட்டு முறை அந்த மலைகளுக்குப் போனார்கள்.

அந்தப் பயணங்களில் ஒரு முறை கணவர் ஏற்பாடுகளைக் கவனித்தால், மனைவி ஆராய்ச்சி வேலையைக் கவனிப்பார். மறுமுறை மனைவி தலைமை, கணவர் துணை. இப்படி முறை வைத்துக்கொண்டு நடத்தினார்கள்.

1906-ல், 47-வது வயதில், அம்மையார் காஷ்மீரத்தில் பினக்கிள் சிகரத்தில் ஏறினார். அதன் உயரம் 22,700 அடிக்கு மேல். அவ்வளவு உயரம் அதற்கு முன் எந்தப் பெண்ணும் ஏறியதில்லை. ஆன்னி பெக் என்ற இன்னொரு அமெரிக்கப் பெண்மணி, தாம் அதைவிட உயரம் ஏறியதாகச் சொன்னார். ஃபேனி அம்மையார் சும்மா இருக்கவில்லை. 13,000 டாலர் செலவழித்து, ஆட்களை அனுப்பி, பெரு நாட்டில் உள்ள அந்த மலையை அளக்கச் செய்தார். அது பினக்கிளை விடக் குள்ளம் என்று தெரிந்தது! அம்மையாரின் சாதனை 1934 வரை நிலைத்தது.

1912-ல் சியாச்சின் பனிப்பிரதேசத்தில், சுமார் 21,000 அடி உயரத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். கையில் விரித்துப் பிடித்திருந்தது, பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் பத்திரிகை. அன்று அமெரிக்காவில் பெரும்பாலான பெண்களுக்கு ஓட்டு இல்லை. நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது 1920-ல்.

குறைகளும் உண்டு

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. மகள் ரேச்சல் பெரும்பாலும் தாதிகளிடமும் விடுதிப் பள்ளிகளிலும் வளர்ந்தாள். மலையில் மூட்டை சுமந்த கூலியாட்களின் கஷ்டத்தைத் தம்பதிகள் சரியாக உணரவில்லை. 1898-ல் சிக்கிமில் மூட்டை தூக்கியவர்கள் மேலே வர மறுத்ததால் பயணமே நின்றுபோயிற்று. அந்த ஏழைகளின் தோள் இல்லாமல் எந்தச் சிகரமும் கிடைத்திருக்காது.

ரேச்சல் பிற்காலத்தில் நிலநூல் வல்லுநராகப் பெயர் பெற்றாள்.

அம்மையார் 1917-ல் நோயில் விழுந்தார். 1925 ஜனவரி 22-ந் தேதி பிரான்சு நாட்டில் கான் நகரில் காலமானார். தம் சொத்தில் 1,25,000 டாலரை நான்கு பெண்கள் கல்லூரிகளுக்கு எழுதி வைத்திருந்தார். டாக்டர் 1937 வரை வாழ்ந்து, 90-வது வயதில் மறைந்தார். இருவருக்கும் வூஸ்டர் நகரில் ஒரே நினைவுக்கல் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இப்போது அரசாங்கமே பள்ளி மாணவிகளுக்கு இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறது. அதில் ஏறிப் போகும் பெண்ணை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. ஊரே கூடி வேடிக்கை பார்த்த நாளில், கீழே இறங்காமல் மிதித்துப் போனவர் ஃபேனி அம்மையார்.