ஆன்லைன் வகுப்பில் குழு பிரிக்கிறீர்களா? எழும்பூரில் பிறந்த ‘மெட்ராஸ் முறை’யும் ஆண்ட்ரூ பெல்லும்

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீட்டில் மாணவி மொபைலில் ஆன்லைன் வகுப்பு கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்துப் பேசச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். குழுவில் யாரும் வாயே திறக்கலை. பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளை எப்படிக் கற்றுக்கொள்ளும்? இதே கேள்வியோடு 230 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் மல்லுக்கட்டியவர் ஆண்ட்ரூ பெல்.

1753-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தார். சில காலம் அமெரிக்காவில் வீட்டு ஆசிரியர் வேலை, பிறகு பாதிரியார். 1787-ல் மெட்ராஸ் வந்தவர், ராணுவப் பாதிரியார் பதவிகள் பலவற்றை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு நல்லாவே சம்பாதித்தார். ஆனால் 1789-ல் எழும்பூரில் சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்றபோது, அதற்குச் சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார்.

ஒருநாள் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார். நம்ம ஊர் திண்ணைப் பள்ளிதான். இல்லத்திலும் அப்படியே சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் கைவிரித்துவிட்டார். உடனே ஜான் ஃபிரிஸ்கென் என்ற 8 வயது சிப்பாய் மகனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார் பெல். பெரியவர் முடியாது என்றதைப் பொடியன் செய்து காட்டினான்.

முறை என்ன?

மூத்த மாணவன் சின்னவர்களுக்குச் சொல்லித்தருவது திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான். பெல் அதற்கு ஒழுங்கு கொடுத்தார். ஒவ்வொரு வகுப்பிலும் நன்றாகப் படிப்பவனுக்கும் தடுமாறுபவனுக்கும் ஜோடி. அவர்களுக்கு மேல் துணை ஆசிரியர், ஆசிரியர், அவர்களும் சிறுவர்களே. பாடம் சின்னச் சின்னத் துண்டுகளாக வரும், முடித்தது பதிவேட்டில் ஏறும். தப்பு செய்தவனை விசாரிப்பதும் சக மாணவர்கள்தான், பிரம்புக்கு வேலை குறைவு. யாருக்கு என்ன பொறுப்பு என்பது பாடம் தொடங்கும் முன்பே தெரிந்திருக்கும். ஆன்லைன் குழுக்கள் பல இடங்களில் சொதப்புவது இந்த இடத்தில்தான்.

1796-ல் நாடு திரும்பி, அடுத்த ஆண்டு இந்த அனுபவத்தை நூலாக வெளியிட்டார். லண்டனில் ஜோசப் லான்காஸ்டரும் இதேபோன்ற பள்ளியை நடத்த, யார் முதலில் என்று பெரிய சண்டை. இருவரில் யாருமே முதல் ஆள் இல்லை என்பது நமக்குத் தெரியும்! 1811-ல் தொடங்கிய தேசிய சங்கம் பெல்லின் முறையை இங்கிலாந்தெங்கும் பரப்பியது. 1832-ல் அவர் இறந்தபோது 12,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் அது நடப்பில் இருந்தது.

குறையும் உண்டு. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதால், செலவைக் குறைக்கும் வழியாகவே பலர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டாம்பிள்ளைக்குத் தெரியாதது சின்னவனுக்கும் தெரியாமலே போனது, மனப்பாடம்தான் மிஞ்சியது. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும்கூட அவசியமில்லை என்று பெல்லே ஒரு கட்டத்தில் எழுதியிருக்கிறார். எழும்பூரில் மணலில் எழுதக் கற்றுக்கொடுத்த அதே மனிதர்!

கல்விக்காக அவர் விட்டுச்சென்றது சுமார் 1,20,000 பவுண்டு. அதில் எழுந்த பள்ளி ஒன்று செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833-ல் திறக்கப்பட்டது. 1996-ல் மெட்ராஸ் சென்னை ஆகிவிட்டது. அந்தப் பள்ளிக்கு மட்டும் பெயர் இன்னும் மெட்ராஸ் காலேஜ்தான்.