பிஸ்மார்க்குக்குப் பணியாத பத்திரிகாதிபர்

பத்திரிகையின் அபிப்பிராயத்தை விலைக்கு வாங்குவது, வாங்க முடியாவிடில் ஆசிரியரைச் சிறையில் தள்ளுவது என்னும் இரு வழிகளையும் நன்கு கையாண்டவர் ஜெர்மன் பிரதம மந்திரி பிஸ்மார்க். இரண்டுக்கும் மசியாத ஒரு தினசரியை நடத்தியவர் லியோபோல்ட் ஸோனெமான்.

அவர் 1831-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி, பவேரியாவில் வுர்ட்ஸ்பர்க் நகரத்தை அடுத்த ஹோக்பெர்க் என்ற கிராமத்தில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். துணி வர்த்தகத்தில் பழகிப் பின்னர் பிராங்க்பர்ட் நகரில் பாங்கித் தொழிலில் இறங்கினார். 1856-ல் ரோஸென்தால் என்ற பாங்கியருடன் கூடி அவர் தொடங்கிய பத்திரிகை, பங்கு மார்க்கெட் நிலவரமும் வர்த்தகச் செய்தியும் தாங்கிய சிறு தாளேயாகும். இதை அற்பமென்று தள்ளுவதற்கில்லை. விலைப்பட்டியில் ஒரு நாள் பொய் இருந்தால் மறுநாள் வியாபாரி காசு கொடுக்க மாட்டான். அந்த வாசகர்களின் சந்தாவே பின்னாளில் சர்க்காரின் தயவை நாடாதிருக்க அவருக்குத் துணை நின்றது. 1859 முதல் பத்திரிகையில் அரசியலுக்கும் முக்கிய இடம் ஏற்பட்டது.

1866-ல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் யுத்தம் மூண்டது. அதுவரை சுயேச்சை நகரமாக விளங்கிய பிராங்க்பர்ட், ஜூலை மாதம் பிரஷ்யப் படைகளிடம் சிக்கிற்று. முதலில் 60 லக்ஷம் கில்டர் தண்டம் வசூலித்தார்கள். பிறகு இன்னும் இரண்டரைக் கோடி கேட்டார்கள். அந்த அவமானத்தைத் தாங்க மாட்டாமல் நகரத் தலைவர் பெல்னர் தற்கொலை செய்துகொண்டார். ஸோனெமானின் பத்திரிகை மூடப்பட்டது. அவர் ஸ்டுட்கார்ட் நகரம் சென்று அங்கிருந்து வேறு பெயரில் பத்திரிகை வெளியிட்டார். அவ்வருஷம் நவம்பரிலேயே திரும்பி வந்து, ‘பிராங்க்பர்ட்டர் ஸைட்டுங்’ என்ற பெயரில் மீண்டும் தொடங்கினார். அடுத்த வருஷம் முதல் அவரே அதன் தனி உரிமையாளர்.

ஹானோவர் அரசரிடமிருந்து பறிமுதல் செய்த சொத்தின் வருமானத்தைக் கொண்டு பிஸ்மார்க் பத்திரிகைகளை ரகசியமாகப் போஷித்து வந்தார். ஊர்வனவற்றுக்கான நிதி என்று ஜனங்கள் அதற்குப் பரிகாசப் பெயர் இட்டனர். அந்தப் பணத்தில் வளர்ந்த தாள்கள் பல. பிராங்க்பர்ட் பத்திரிகையோ, 1871-ல் அல்ஸேஸ், லொரேன் பிரதேசங்களை அங்குள்ள ஜனங்களின் சம்மதமின்றி ஜெர்மனி சேர்த்துக்கொண்டதைக் கண்டித்தது. வெற்றிக் களிப்பில் தேசமே மூழ்கியிருந்த சமயத்தில் இவ்விதம் எழுதுவதற்கு மிக்க துணிவு வேண்டும்.

1871 முதல் 1884 வரை, இடையில் சிறிது காலம் நீங்கலாக, அவர் பிராங்க்பர்ட்டின் பிரதிநிதியாக ராய்ஷ்டாக் சபையில் அமர்ந்தார். அவர் சார்ந்த ஜெர்மன் ஜனக் கட்சியின் அங்கத்தினர் தொகை விரல்விட்டு எண்ணத்தக்கது. அவருக்குப் பிரெஞ்சுக்காரருடன் தொடர்பு உண்டென்று பிஸ்மார்க் சபையிலேயே ஜாடையாகக் குற்றஞ்சாட்டினார். வாதத்தில் வெல்ல இயலாதவனைத் தேசத் துரோகியாக்குவது சர்க்கார்களின் பழைய வழக்கம்.

1870-களின் மத்தியில் சோதனை முற்றியது. கையொப்பமில்லாத கட்டுரைகளை எழுதியவர் யார், செய்தி கொடுத்தவர் யார் என்று கோர்ட்டார் கேட்டனர். பத்திரிகாலயத்தார் பெயர் சொல்ல மறுத்தனர். ஆசிரியர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிறை புகுந்தனர். பத்திரிகை நிற்கவில்லை. உரிமையாளர் ஒருவரின் ஆணைப்படி நடவாமல், ஆசிரியர்கள் கூடி ஆலோசித்துக் கொள்கையை நிர்ணயிப்பது அங்கு வழக்கமாயிருந்ததால், ஒருவர் சிறை சென்றாலும் பத்திரிகையின் குரல் மாறவில்லை. முதல் போட்டவர் தம் அதிகாரத்தைத் தாமே குறுக்கிக்கொள்வது அபூர்வம். ஸோனெமானின் மெய்யான பெருமை இதுவே என்பது நமது எண்ணம்.

1878-ல் அபேதவாதிகளை ஒடுக்கச் சட்டம் வந்தபோது, அவர்களுடைய கொள்கையை ஒப்பாத ஸோனெமான் அச்சட்டத்தை எதிர்த்தார். 1884 தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் ஸாபோர் என்ற அபேதவாதியே! அதற்காக அவர் தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

நகரத்துக்கும் அவர் பல நன்மைகள் செய்தார். 1891-ல் பிராங்க்பர்ட்டில் நடந்த மின்சாரக் கண்காட்சிக்கு முன்னின்று உழைத்தவர் அவர். சுமார் 175 கிலோமீட்டர் தூரத்திலுள்ள லௌபன் என்ற ஊரிலிருந்து கம்பி வழியே வந்த மின்சாரம் அங்கே விளக்குகளை எரித்தது.

1909-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி, எழுபத்தெட்டு வயது நிறைந்த மறுநாள், அவர் காலமானார். பத்திரிகை அவருடைய பேரன்மார் கைக்கு வந்தது. ஹிட்லர் ஆட்சியில் அக்குடும்பம் அதை இழந்தது. 1943 ஆகஸ்டில் ஹிட்லர் சர்க்கார் அதை மூடிவிட்டது. அவர் பெயர் தாங்கிய பிராங்க்பர்ட் வீதியில் இப்போது ஐரோப்பிய மத்திய பாங்கி நிற்கிறது.