எம். கே. தியாகராஜ பாகவதர்

எம். கே. தியாகராஜ பாகவதர் (மார்ச் 1, 1910 - நவம்பர் 1, 1959) தமிழ்த் திரைப்பட நடிகரும் கருநாடக இசைப் பாடகரும் ஆவார். எம். கே. டி. என்றும் அழைக்கப்பட்டார். ஹரிதாஸ் படத்தில் இவர் பாடிய மன்மத லீலையை எனத் தொடங்கும் பாடல், தமிழ்த் திரையிசையில் நிலைத்த புகழ் பெற்ற பாடல்களுள் ஒன்று.

தொடக்க வாழ்க்கை

மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) பிறந்த இவர் திருச்சிராப்பள்ளியில் வளர்ந்தார். சிறுவனாக அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடமேற்றார். பின்னர் நாடகங்களில் பாடி நடித்துப் புகழ்பெற்றார்.

திரைப்படங்கள்

1934 இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய பவளக்கொடி இவரது முதல் திரைப்படம். நடிகர்கள் தம் பாடல்களைத் தாமே பாடிய காலம் அது. உயர்ந்த சுருதியில் தெளிவாக ஒலித்த குரல் இவரை முன்னணி நடிகராக்கியது. சிந்தாமணி (1937), அம்பிகாபதி (1937), திருநீலகண்டர் (1939), அசோக்குமார் (1941), சிவகவி (1943) ஆகியவை குறிப்பிடத்தக்க படங்கள்.

ஹரிதாஸும் சிறைவாசமும்

சுந்தர் ராவ் நட்கர்ணி இயக்கிய ஹரிதாஸ் 1944 தீபாவளியன்று வெளியானது. பெற்றோரைப் புறக்கணித்துச் சிற்றின்பத்தில் மூழ்கிய ஒருவன் மனந்திருந்துவதே இதன் கதை. மன்மத லீலையை என்ற பாடலைப் பாபநாசம் சிவன் இயற்றினார்; சாருகேசி இராகத்தில் அமைந்தது. டி. ஆர். ராஜகுமாரியுடன் தோன்றும் காட்சியில் பாகவதர் இதைப் பாடுகிறார்.

அவ்வாண்டு டிசம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைது செய்யப்பட்டார். 1945 இல் இவருக்கும் என். எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

இதனிடையே ஹரிதாஸ் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது. அவற்றுள் முதல் தீபாவளியில் மட்டுமே பாகவதர் சிறைக்கு வெளியே இருந்தார். பின் இரண்டின்போதும் பாடல் அரங்கில் ஒலிக்க, பாடியவர் சிறையில் இருந்தார்.

இறுதிக் காலம்

விடுதலைக்குப் பின் நடித்த ராஜமுக்தி (1948), அமரகவி (1952), சியாமளா (1952), புதுவாழ்வு (1957) ஆகியவை முந்தைய வெற்றியைத் தரவில்லை. அதற்குள் பின்னணிப் பாடல் முறையும் வேரூன்றிவிட்டது. 1959 இல் சென்னையில் காலமானார். இவரது கடைசிப் படமான சிவகாமி 1960 இல் வெளியானது. நடித்தவை மொத்தம் 14 படங்களே.

பாடலின் தாக்கம்

டி. எம். சௌந்தரராஜன் தம் தொடக்கக் காலத்தில் பாகவதரின் பாணியைப் பின்பற்றிப் பாடினார். மன்மத லீலை என்ற பெயரில் 1976 இல் கே. பாலச்சந்தரும், 2022 இல் வெங்கட் பிரபுவும் படங்களை இயக்கினர். ஹரிதாஸைப் பார்த்திராத தலைமுறையினரிடமும் பாகவதரின் பெயரை இப்பாடல் கொண்டு சேர்த்துள்ளது.