அவர் கண்ணால் பார்க்காத கத்தி: 'பக்' என்ற பெயருக்குப் பின்னால் இருந்த ஹோய்ட் பக் யார்?

பழைய அமெரிக்க மடக்குக் கத்திகளைச் சேகரிப்பவர் ஒருவரிடம் ஒரு கத்தியைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் அவர் கூர்மையைச் சோதிக்க மாட்டார். அலகை மெதுவாக விரிப்பார், அது நகரும் விதத்தைக் கவனிப்பார், முழுசா விரிந்ததும் வரும் 'டக்' சத்தத்தைக் கேட்பார். அடுத்த நொடியே கத்தியைத் திருப்பி, அலகு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் என்ன முத்திரை குத்தியிருக்கிறது என்று தேடுவார். கத்தியின் வயது, பிறந்த ஊர், மதிப்பு எல்லாமே பெரும்பாலும் அந்தச் சின்ன இடத்தில்தான் இருக்கும்.

அப்படித் தேடும்போது அடிக்கடி கண்ணில் படும் பெயர்களில் ஒன்று 'பக்'. பித்தளை முனைகள், கருங்காலி மரக் கைப்பிடி, முனையில் லேசாக வளைந்து கூராகும் அலகு, இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ள ஒரு தோல் உறை. 1964-ல் வந்த 'பக் 110' மாடலின் அடையாளம் இது. இந்த மாடலை ஒன்றரை கோடிக்கும் மேல் விற்றிருப்பதாக நிறுவனம் சொல்கிறது. யார் தயாரித்ததாக இருந்தாலும், இந்த வடிவத்தில் விரிந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தியை 'பக் கத்தி' என்றே பல அமெரிக்கர்கள் அழைக்கிறார்கள். நம்மூரில் எந்த கம்பெனியின் நகல் என்றாலும் 'ஜெராக்ஸ்' என்கிறோமே, அது மாதிரி.

ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஹோய்ட் ஹீத் பக், இந்தக் கத்தியைப் பார்த்ததே இல்லை. இது கடைக்கு வருவதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

மண்வெட்டியில் தொடங்கிய கதை

ஹோய்ட் பக் பிறந்தது 1889-ல். கான்சாஸ் மாநிலத்தில் ஒரு கொல்லன் பட்டறையில் சிறுவனாக வேலை பழகினார். அன்றைய கான்சாஸ் முழுக்க விவசாயம். பட்டறைக்கு வரும் வேலையும் அதையொட்டியதுதான். மண்வெட்டி, களைக்கொத்து போன்ற கருவிகள் சீக்கிரமே மழுங்கிவிடும். அவற்றைத் தீட்டித் தீட்டியே விவசாயியின் நேரம் போகும்.

அந்தக் கருவிகளின் கூர்மை இன்னும் கொஞ்ச நாள் நிற்க என்ன வழி என்று யோசித்ததுதான் ஹோய்ட்டின் முதல் ஆராய்ச்சி. பள்ளி, புத்தகம் எதுவும் கிடையாது. உலையும் சுத்தியலும் மட்டும். எஃகுக்குப் பதம் ஏற்றுவதில் தனக்கென்று ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அந்த முறையில் 1902-ல் தன் முதல் கத்தியைச் செய்தார். அப்போது அவருக்கு வயது சுமார் 13.

பதம் ஏற்றுவது என்றால் என்ன? எஃகைச் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால் அது ரொம்பவும் கெட்டியாகிவிடும். கூர்மை நிற்கும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடியும் அளவான சூட்டில் வைத்து அந்த விறைப்பைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தளர்த்துவது கூடினால் கத்தி மழுங்கும். குறைந்தால் முனை தெறிக்கும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதை, வெப்பமானி இல்லாத பட்டறையில், உலோகத்தின் மேல் ஓடும் நிறத்தை வைத்தே முடிவு செய்வார்கள். கைப்பழக்கம் இல்லாமல் இது வராது. ஹோய்ட்டுக்கு வந்தது.

மூலப்பொருளுக்கும் அவர் காசைக் கொட்டவில்லை. தேய்ந்துபோன அரங்களை எடுத்துக்கொண்டார். இரும்பை ராவும் அரம், இரும்பைவிடக் கெட்டியாக இருந்தாக வேண்டும். அதனால் கரிமம் அதிகமுள்ள நல்ல எஃகில்தான் அதைச் செய்வார்கள். பல் தேய்ந்தால் அரமாகப் பயன்படாது. ஆனால் எஃகு அதே எஃகுதான். மற்றவர்கள் தூக்கிப்போட்டதில் அவர் கத்தி செய்தார்.

இதெல்லாம் கேட்டால் ஒரு பெரிய தொழிலதிபரின் தொடக்கக் கதை போல இருக்கும். நடந்தது அப்படி இல்லை. அடுத்த 40 ஆண்டுகளில் கத்தி அவருடைய பிழைப்பாகவே மாறவில்லை. கான்சாஸை விட்டு அமெரிக்காவின் வடமேற்குப் பக்கம் போனார், டெய்சியைத் திருமணம் செய்துகொண்டார், குடும்பம் பெருகியது. வயிற்றுக்கு வேறு வேலைகள். பிறகு கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்து, இடாஹோ மாநிலத்தின் மவுன்டன் ஹோம் என்ற சிறிய ஊரில் அசெம்பிளி ஆஃப் காட் திருச்சபையின் போதகர் ஆனார். கத்தி செய்வது அவருக்குத் தெரிந்த ஒரு பழைய கைவேலை, அவ்வளவுதான்.

தேவாலயத்துக்குக் கீழே உலை

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. அமெரிக்கா போருக்குள் நுழைந்தது. லட்சக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் படைக்குச் சேர்த்தபோது துப்பாக்கி, விமானம் மட்டுமல்ல, சாதாரணக் கத்திக்கும் பற்றாக்குறை வந்தது. காட்டில் இறங்கும் வீரனுக்கு உறையில் செருகிய உறுதியான கத்தி ஒன்று அவசியம். வீட்டில் அப்படிப்பட்ட கத்தி இருந்தால் கொடுங்கள் என்று மக்களிடம் கோரிக்கை வைக்கப்பட்டது.

போதகர் ஹோய்ட் பக்கின் வீட்டில் கொடுப்பதற்குக் கத்தி இல்லை. செய்யத் தெரிந்த கை இருந்தது. பட்டடைக்கல், உலை, சாணை இயந்திரம் எல்லாம் வாங்கி, தேவாலயத்தின் நிலவறையிலேயே பட்டறை போட்டார். மேலே ஜெபம், கீழே சம்மட்டி. ஐம்பதைத் தாண்டிய வயதில், 13 வயதில் கற்றுக்கொண்ட வேலைக்கு அவர் திரும்பியது இப்படித்தான்.

போர்க் காலத்தில் மவுன்டன் ஹோமிலேயே ராணுவ விமானத் தளம் ஒன்றும் வந்தது. ஊரில் இளம் வீரர்களின் நடமாட்டம் கூடியது. ஹோய்ட்டின் கத்திகள் அவர்கள் கைக்குப் போயின. பழைய அரத்தில் அடித்த அலகு, பல வண்ண லூசைட் பிளாஸ்டிக் துண்டுகளை அடுக்கிய கைப்பிடி என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒரு மனிதன் கையால் ஒவ்வொன்றாகச் செய்தால் வேறெப்படி இருக்கும்?

போதகர் ஒருவர் ஆயுதம் செய்யலாமா என்று இன்றைக்கு நமக்குக் கேட்கத் தோன்றலாம். அவர் காலத்து அமெரிக்கக் கிராமத்தில் கத்தி என்பது முதலில் ஒரு கருவி. கயிறு அறுக்க, மரம் சீவ, வேட்டையாடியதைத் தோலுரிக்க. ஆனாலும் போருக்குப் போகிறவனுக்குக் கொடுக்கும் கத்தி வேறு விஷயம்தான். அது ஹோய்ட்டுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. திரும்பி வருவார்களா என்று தெரியாத பையன்களுக்குத் தன்னால் ஆனதைச் செய்வதையும் ஊழியத்தின் ஒரு பகுதியாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

இரண்டு ஆண்டு நிறுவனம்

போர் முடியும் சமயத்தில் ஹோய்ட்டும் டெய்சியும் கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்கு மூத்த மகன் ஆல் பக்கிடம் வந்தார்கள். மகனின் வீட்டையொட்டி ஒரு சின்னப் பட்டறை. 1947-ல் 'எச்.எச். பக் அண்ட் சன்' என்று பெயர் வைத்தார்கள். பெயரில் 'சன்' இருந்ததே தவிர, பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவும் பிள்ளையும், கொஞ்சம் கருவிகளும்.

1949-ல் ஹோய்ட் இறந்தார். பெயர் வைத்து இரண்டே ஆண்டுகள்.

சேகரிப்பாளர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்து 1964-க்குப் போய்விடுவார்கள். உண்மையில் எல்லாமே முடிந்துபோயிருக்கக்கூடிய இடம் இதுதான். ஹோய்ட்டின் முறை எந்த ஏட்டிலும் பாடமாக இல்லை. உலையில் எந்த நிறத்தில் அலகை வெளியே எடுக்க வேண்டும் என்பதை அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பக்கத்தில் நின்று பார்த்த மகனுக்குத்தான் தெரியும். அந்த வயதான மனிதர் இடாஹோவிலேயே தங்கியிருந்தால், அந்தப் பழக்கம் அவரோடு போயிருக்கும். ஆல் பக் பட்டறையை மூடவில்லை. வருமானம் கொஞ்சம், வேலை அதிகம் என்ற நிலையிலேயே 1950-களை ஓட்டினார். 1961-ல்தான் அது 'பக் நைவ்ஸ்' என்ற பதிவுசெய்யப்பட்ட நிறுவனம் ஆனது.

அதற்குப் பிறகு வந்ததுதான் 110. வேட்டைக்காரர்களுக்கு உறுதியான கத்தி வேண்டும், ஆனால் நீளமான உறைக்கத்தி உட்காரும்போதும் நடக்கும்போதும் இடிக்கும். மடக்குக் கத்தி வசதியானது. ஆனால் அழுத்தி வேலை செய்யும்போது திடீரென்று மடங்கினால் விரல் போய்விடும். ஆல் பக்கின் நிறுவனம் கொடுத்த பதில், கைப்பிடியின் முதுகில் ஒரு பூட்டு. அலகு முழுசா விரிந்ததும், முதுகுப் பக்கத்து உலோகப் பட்டையின் கொக்கி அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்து உட்கார்ந்துகொள்ளும். பின்பக்கம் அழுத்தினால்தான் விடும். இந்த வகைப் பூட்டு அதற்கு முன்பும் உண்டு. 110 அதைக் கனமாக, நம்பும்படியாகச் செய்து சாதாரண மக்களின் இடுப்புக்குக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்கள் உடனே காப்பியடிக்கத் தொடங்கின.

முத்திரை சொல்லும் வரிசை

பழைய 110 வாங்கும்போது சேகரிப்பாளர்கள் பார்க்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆரம்ப காலக் கத்திகளில் 'பக்' என்று மட்டும் இருக்கும். அடுத்து 'யு.எஸ்.ஏ.' சேர்ந்தது. அப்புறம் '110' என்ற எண். அப்புறம் புள்ளிகள். 1986-லிருந்து ஆண்டுக்கொரு குறியீடு. எழுத்து குறையக் குறைய வயது கூடும் என்று மேலோட்டமாக வைத்துக்கொள்ளலாம். அலகைச் சாணை பிடித்துத் தேய்த்திருந்தால் மதிப்பு இறங்கும். பளபளவென்று பாலிஷ் போட்டு 'புதுசு மாதிரி' ஆக்கியிருந்தால் இன்னும் இறங்கும். பித்தளை கறுத்திருப்பதைக் குறையாகப் பார்ப்பவர் புதிதாகச் சேகரிக்க வந்தவர்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'பக்' முத்திரையோடு இரண்டு மூன்று அலகுகள் கொண்ட சின்னப் பைக்கத்திகள் 1960-களின் பிற்பாதியிலிருந்து வந்தன. அவற்றில் பலவற்றை பக் நிறுவனம் தானே செய்யவில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஷ்ரேட் நிறுவனமும் பிறகு கமில்லஸ் நிறுவனமும் செய்துகொடுத்தவை அவை. பெயர் ஒரு வீட்டுடையது, கை வேறொரு வீட்டுடையது. முத்திரையை மட்டும் நம்புகிறவர்கள் ஏமாறும் இடம் இது என்பதால், எந்த மாடலை எந்தக் காலத்தில் யார் செய்தார்கள் என்று சேகரிப்பாளர்கள் தனியாகவே படித்துவைத்திருப்பார்கள்.

ஹோய்ட்டின் கையில் பிறந்த கத்திகளில் இந்தக் குழப்பம் கிடையாது. அவை உறைக்கத்திகள், மடங்காது. 110-க்குக் கிடைத்த புகழில் பாதிகூட அவற்றுக்குக் கிடைக்கவில்லை. எண்ணிக்கையும் சொற்பம். போரில் தொலைந்தவை, வீட்டு அலமாரிகளில் யாருடையது என்று தெரியாமல் கிடந்தவை போக மிச்சமிருப்பவைதான் இன்று கைமாறுகின்றன.

ஆல் பக் 1991-ல் இறந்தார். அவருக்குப் பின் அவர் மகன் சக் பக், அதன் பின் பேரன் சி.ஜே. பக் என்று நிறுவனம் குடும்பத்திலேயே நகர்ந்தது. 2005-ல் சான் டியேகோவிலிருந்து தொழிற்சாலையைக் கிளப்பிக்கொண்டு போஸ்ட் ஃபால்ஸ் என்ற ஊருக்குப் போனார்கள். அதுவும் இடாஹோதான்; ஹோய்ட்டின் மவுன்டன் ஹோம் அந்த மாநிலத்தின் தெற்கில், இது வடக்குக் கோடியில்.

இப்போது தொழிற்சாலையில் வரும் கத்தியில் முழுப்பெயரும் இயந்திரத்தின் ஒரே அழுத்தலில் பதிந்துவிடுகிறது. ஹோய்ட்டிடம் அந்த அச்சு இல்லை. ஆங்கிலத்தில் 'பக்' என்பதற்கு நான்கு எழுத்துகள். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி உளி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுத்தியல் அடி. சேகரிப்பாளர்கள் இவற்றை 'நாலு அடி' கத்திகள் என்றே சொல்கிறார்கள். ஒரு எழுத்து கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், இன்னொன்று லேசாகச் சாய்ந்திருக்கும்.