கடனை அடைக்கக் கதை எழுதியவர்

ஏழாயிரம்பண்ணை போன்ற தீப்பெட்டி, பட்டாசு ஊர்களில் கடனைப் பற்றி யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. பேரேட்டில் பற்று ஏறினால் தூக்கம் போய்விடும். அப்படித் தூக்கம் இழந்தவர்தான் ஸ்காட்லாந்தின் பெரும் நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட்.

1771-ல் எடின்பரோ நகரில் பிறந்தார். தகப்பனார் வக்கீல். இளம்பிள்ளை வாதத்தால் குழந்தையின் வலது கால் ஊனமாயிற்று. தாத்தாவின் பண்ணையில் வளர்ந்தபோது பழைய சண்டைக் கதைகளைக் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டார்.

1814-ல் "வேவர்லி" நாவல் பெயர் போடாமலே வெளிவந்தது. ஐரோப்பாவே படித்தது. 1819-ல் எழுதிய "ஐவன்ஹோ" 1952-ல் சினிமாவாகவும் ஓடியது. நம் கல்கியும் ஸ்காட்டைப் படித்தவர்தான்.

1826-ல் இடி விழுந்தது. அவர் கூட்டுச் சேர்ந்திருந்த அச்சகம் முறிந்தது. கடன் 1 லட்சத்து 20 ஆயிரம் பவுனுக்கு மேல்! மஞ்சள் கடுதாசி நீட்டியிருக்கலாம். நண்பர்களும் பணம் தர வந்தார்கள். இரண்டையும் மறுத்துப் பேனாவை எடுத்தார். அதே ஆண்டு மனைவியும் இறந்தார். எழுத்து நிற்கவில்லை.

கடனுக்காக 1827-ல் எழுதியவற்றில் ஒன்று "வைத்தியர் மகள்". கதை சென்னைக்கும் மைசூருக்கும் வருகிறது. நம்பி வந்த பெண்ணைத் திப்புவிடம் ஒப்படைக்கப் பார்த்த துரோகியை, ஹைதர் அலியின் யானை மிதித்துக் கொல்கிறது. இத்தனைக்கும் ஸ்காட் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை!

வாதம் தாக்கிய பிறகும் எழுதினார். 1832 செப்டம்பர் 21-ல் கண் மூடியபோது பாதிக்கு மேல் அடைந்திருந்தது. மீதியை அவர் புத்தகங்களே அடைத்தன.