இயந்திரத்துக்கு உறை கண்ட அறிஞர் பிரெட் வைக்

சென்ற தவணையில் ஒரு நாள், பாடம் முடிந்த வேளையில், மாணவனொருவன் என்னிடம் ஒரு படத்தைக் கொண்டுவந்தான். வெளிநாட்டார் ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் தாமே செய்த சிறு ஆகாய விமானத்தின் முகப்பில், விலைக்கு வாங்கிய உறையொன்றைப் பொருத்தும் காட்சி அது. இவ்வுறை அழகுக்கோ, மழைக்கோ என்பது அவன் வினா. இலக்கணம் படிப்பிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. தெரியாதென்றே சொல்லி, ஒரு வார அவகாசம் கேட்டேன். அத்தேட்டத்தில் எதிர்ப்பட்டவரே பிரெட் வைக் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர்.

வைக் 1899ஆம் ஆண்டு சிக்காகோ நகரை அடுத்த பெர்வினிற் பிறந்தார். 1922இல் இல்லினோய்ப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். விமானத் தபாற் சேவையிலும் கடற்படையின் விமானப் பகுதியிலும் பணியாற்றியபின், 1925இல் வேர்ஜீனியாவிலுள்ள லாங்லி ஆய்வுகூடத்தை அடைந்தார். அங்கே 20 அடி விட்டமுள்ள பெருங் காற்றுச் சுரங்கம் ஒன்று அவர் பொறுப்பில் உருவாகி, 1927இல் இயங்கத் தொடங்கிற்று. மெய்யான இயந்திரத்தையே அதனுள் நிறுத்திச் சோதிக்க முடிந்தமை அதன் சிறப்பாகும்.

அக்காலத்து விமானங்கள் பலவற்றில், இயந்திரத்தின் சிலிண்டர்கள் வண்டிச் சில்லின் ஆரக்கால்கள்போல் வட்டமாக வெளியே நீட்டி நின்றன. அவற்றைக் குளிர்விப்பது எதிர்க்காற்று. வேகத்தைத் தடுப்பதும் அதே காற்று. மூடினால் இயந்திரம் கொதிக்கும். மூடாவிடின் வேகம் குன்றும். இவ்விருதலைத் துன்பத்தையே வைக்கும் அவர்தம் துணைவரும் ஆராயப் புகுந்தனர்.

முழுதும் மூடிய உறையை முதலிற் பொருத்தியபோது இயந்திரம் போதிய அளவு குளிரவில்லை. அவர் அதனைக் கைவிட்டாரல்லர். உறையின் தொழில் காற்றை விலக்குதலன்று, வேண்டிய அளவு காற்றை வேண்டிய வழியிற் செலுத்துதலே எனத் தெளிந்து, முன்வாயையும் பின்வாயையும் உள்ளிருந்த தடுப்புத் தகடுகளையும் மாதக்கணக்காக மாற்றி மாற்றிச் சோதித்தார். முன்வாயிற் புகுந்த காற்று சிலிண்டர்களைத் தழுவிச் சென்று பின்புறத்து ஒடுங்கிய இடைவெளியால் வெளியேறியது. எஞ்சிய காற்று உறையின் மேல் வழுவழுவென ஓடியது. 1928இல் இவ்வுறை பூண்ட கேர்ட்டிஸ் ஹோக் விமானத்தின் வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்ந்தது. இயந்திரமோ பழைய இயந்திரமே. 1929 பெப்ரவரியில் பிராங்க் ஹோக்ஸ் என்னும் விமானி இத்தகைய உறை பொருத்திய விமானத்தில் லொஸ் ஏஞ்சல்சிலிருந்து நியூயோர்க்வரை இடையில் இறங்காது பறந்து புதிய சாதனை நாட்டினார். அவ்வாண்டுக்குரிய கொலியர் விருது ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தது.

இவ்வளவோடு அமைந்திருப்பின் வைக் வேகத்தின் தொண்டராக மட்டுமே எண்ணப்படுவார். யான் அவரைப் பெரிதும் மதிப்பது இதன்பின் அவர் செய்த செயலுக்காகவே. புதிதாய் ஓட்டக் கற்றோர் பலர், வேகம் குன்றியவிடத்து விமானம் சுழன்று வீழ மாண்டுபோயினர். பிழை கற்பவனிடத்தா, கருவியிடத்தா என்று அவர் வினவினார். ஆய்வுகூட நண்பர் சிலருடன் சேர்ந்து, ஓய்வு நேரத்தில் தாமே ஒரு சிறு விமானத்தைச் செய்தார். 1934இற் பறந்த அதற்கு டபிள்யூ-1 என்று பெயர். முன்சில்லு உள்ளிட்ட மூன்று சில்லுகள் பூண்டு, தரையில் நிலைகுலையாது ஓடும் வகையில் அது அமைந்தது. 1936இல் எர்கோ நிறுவனத்திற் சேர்ந்து அவர் அமைத்த எர்கூப் 1937இற் பறந்தது. சுழன்று வீழாதென அரசாங்கம் அதற்கு 1940இற் சான்றளித்தது. காலால் மிதிக்கும் சுக்கான் மிதிகள் அதில் இல்லாமையால், கால் வழங்காதோரும் வானில் ஏறும் பேறு பெற்றனர்.

பின்னர் ரெக்சாசில் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானத்தை வகுத்தார், 1957 முதல் பைப்பர் நிறுவனத்திற் பணிபுரிந்தார், 1993இற் காலமானார்.

அடுத்த வாரம் மாணவனுக்கு விடை சொன்னேன். உறை அழகுக்கும் அன்று, மழைக்கும் அன்று. அது காற்றுக்கு வகுத்த வாய்க்கால். கடையில் வாங்கிய உறையாயினும், அளவு ஒத்ததென்று அப்படியே மாட்டிவிடல் ஆகாது. இயந்திரம் நடுங்குங்கால் உராயாதபடி இடம் விடுதல் வேண்டும். தடுப்புகளின் சந்துகளிற் காற்று வீணே ஒழுகாதபடி அடைத்தல் வேண்டும். வெளிவாய் குறுகினால் உட்புகுந்த காற்றும் தேங்கும். பொருத்தியபின் சிலிண்டர், எண்ணெய் ஆகியவற்றின் வெப்பத்தை அளந்தறியாது நெடுந்தூரம் பறத்தல் தகாது. பளபளக்கும் உறையினுள்ளே கொதிப்பது கண்ணுக்குத் தெரியாது. பறக்கும்போது அது நின்றால் உயிருக்கே இடர்.

அவன் படத்தை மீண்டும் ஒருமுறை உற்றுப் பார்த்தான். காற்று உள்ளே வரும் வாய் தெரிகிறது, வெளியே போகும் வாய் எங்கே என்று கேட்டான். அவ்வினாவே எனக்குப் போதுமானதாயிற்று.